நான்கு டயர்களைப் பற்றி ஒரு திருத்தம்

1

இந்தக் கதை ஒரு தலையசைப்பிலிருந்து பிறந்தது. 1993ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பினாங்கின் ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டின் முன்னறையில், இறந்தவருக்கு எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிற்பகலில், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்திருந்த ஒருவர் தம் தலையை ஒருமுறை மேலும் கீழும் அசைத்தார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும். அவர் யார், எதற்கு ஆமென்றார் என்பதை எழுத ஓராண்டாக முயன்றுவருகிறேன்.

என்னைச் சிறுவர் பக்கத்தில் அறிந்திருப்பீர்கள். ஓய்வு பெறுவதற்கு முன்னும் பின்னும் நரிக்கும் ஆமைக்கும் வசனம் எழுதிப் பழகிய கை இது. நரி பொய் சொன்னால் மூன்றாம் பத்தியில் அதன் வால் சிக்கிக்கொள்ளும். மனிதர்களை எழுதும்போது அந்த வசதி இல்லை. பொய் சொன்னவர் மறுநாளும் பல் துலக்கி, பத்திரிகை படித்து, மாலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "ஜுருவில் ஒரு லாரியிலிருந்து இரும்புத் தகடு சாலையில் விழுந்தபோது வானம்" [நிறுத்திவிட்டேன். வானம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.]

இரண்டாவது: "விஸ்வலிங்கம் நல்ல மனிதர்." [உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் அவர் இறந்துவிடுவார் என்பதை வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்துவிட்டீர்கள். இனி மறைத்துப் பயனில்லை.]

மூன்றாவது: "தவறு யாருடையது என்பதை" [இந்த வாக்கியத்தை இன்றுவரை முடிக்க முடியவில்லை.]

ஆகவே நான்காவதாக, வண்டியிலிருந்து தொடங்குகிறேன். பொருள்களைப் பற்றி எழுதும்போது மனிதன் குறைவாகப் பொய் சொல்கிறான்.

3

விஸ்வலிங்கம் பினாங்கில் பிறந்த யாழ்ப்பாணத்தார். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களில் முப்பது ஆண்டுகள் டிரெசராக இருந்தவர். தோட்டத்தில் டிரெசர் என்றால் பாதி மருத்துவர். காய்ச்சலுக்கு மருந்து, வெட்டுக்காயத்துக்குக் கட்டு, அகாலத்தில் பிரசவம், எல்லாவற்றுக்கும் ஓடுபவர். மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் மூன்று வண்டிகள் புதைந்த பிறகு, பழைய ஜப்பானிய வண்டி ஒன்றை வாங்கினார். பார்வைக்குச் சாதாரணக் கார். ஆனால் அதன் நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். "மத்த காருக்கு ரெண்டு கால் நடக்கும், ரெண்டு கால் கூடவே வரும். இதுக்கு நாலும் வேலை செய்யும், லா" என்பார்.

முதல் மனைவி இறந்து நெடுநாள் கழித்து, 1986இல், யாழ்ப்பாணத்திலிருந்து ஞானாம்பிகையை மணமுடித்து அழைத்துவந்தார். ஞானாம்பிகைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. போருக்கு இரண்டு தம்பிமாரைக் கொடுத்துவிட்டு வந்தவர். இங்கே வந்ததும் அவருக்குப் புதிதாக இருந்தவை இரண்டு: ஒன்று அந்தக் கார், இன்னொன்று மலாய். காரை விஸ்வலிங்கம் தோட்டத்துச் செம்மண் சாலையில் வைத்துக் கற்றுக்கொடுத்துவிட்டார். மலாயைக் கற்றுக்கொடுக்க அவருக்குப் பொறுமை இல்லை. அதற்கு அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் வந்தார்.

4

அடுத்த வீட்டுக்காரரின் பெயர் முத்துவீரப்பன். செட்டிநாட்டுக்காரர். பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலைகளில் வந்து, ஞானாம்பிகைக்கு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் சொற்களை எழுதிக் கொடுத்து, அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்.

[இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கணக்கெழுதியவருக்கு இலக்கணத்தில் இத்தனை ஆர்வம் எங்கிருந்து வந்தது? இப்போதைக்கு இருக்கட்டும்.]

முத்துவீரப்பனுக்குத் தாம் கண்டுபிடித்ததாக ஒரு விதி இருந்தது. மலாயில் சொல்லை இரட்டித்தால் என்ன ஆகும்? தமிழில் ஆவதுதான் ஆகும்.

"சிக்கிட் என்றால் கொஞ்சம். சிக்கிட்-சிக்கிட்?"

"கொஞ்சம் கொஞ்சமா."

"பெலான் என்றால் மெல்ல. பெலான்-பெலான்?"

"மெல்ல மெல்ல."

"சத்து என்றால் ஒன்று. சத்து-சத்து?"

"ஒண்டொண்டா" என்றார் ஞானாம்பிகை. பிறகு கொப்பியிலிருந்து நிமிர்ந்து, "எங்கட தமிழ்தான், சட்டை மாத்திக்கொண்டு வந்திருக்குது" என்று சிரித்தார்.

ஆசிரியர் பூரித்துப்போனார். தாம் சொல்லாததையும் மாணவி தாமே கண்டுபிடிக்கும் நாளைத்தானே எல்லா ஆசிரியர்களும் எதிர்பார்க்கிறார்கள். "இந்த ஒரு விதி போதும், இனி நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம்" என்றார். விதிவிலக்குகளை அடுத்த மாதம் சொல்லலாம் என்று விட்டுவிட்டார்.*

* அடுத்த மாதம் அவருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. பாடம் நின்றுபோயிற்று.

5

1993 ஆகஸ்டில், கடற்பாலத்துக்கு அக்கரையிலுள்ள ஜுருவில் அந்தத் தகடு விழுந்தது. விஸ்வலிங்கம் அதன்மேல் ஏற்றிவிட்டார். முன் டயர்கள் இரண்டும் பக்கவாட்டில் கிழிந்தன; ஒட்டுப் போட முடியாத கிழிசல். வண்டியை இழுத்துவந்து ஜெலுத்தோங்கில் மலாய்க்காரர் இஸ்மாயிலின் பட்டறையில் விட்டார்கள். மறுநாள் விஸ்வலிங்கத்துக்குக் கடுமையான காய்ச்சல். பட்டறைக்கு ஞானாம்பிகை போனார்.

நான் அங்கே இல்லை. இருந்தாலும் இந்த இடத்தை அன்று அங்கே இருந்த மூவரும் தனித்தனியே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூவர் சொன்னதும் ஒன்றுதான் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

பட்டறையை ஒட்டித் தேநீர்க் கடை வைத்திருந்தவர் முகம்மது கனி. தமிழர்களுக்கும் இஸ்மாயிலுக்கும் நடுவே மொழிபெயர்ப்பது அவருடைய வழக்கமான உபகாரம். அன்றும் கையில் தேநீர்த் துணியோடு எட்டிப் பார்த்தார்.

"அக்கா, நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம் தம்பி. எனக்கு விளங்கும்."

"அடேயப்பா. அக்கா இனி கோர்ட்டுக்கே மொழிபெயர்க்கப் போகலாம் போல இருக்கே."

"போவன். உமக்கு ஏதும் வழக்கிருந்தாச் சொல்லும்."

கனி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஞானாம்பிகை இஸ்மாயிலின் பக்கம் திரும்பி, கிழிந்த டயர்களைக் காட்டி, முன்பக்கம் மட்டுமா என்னும் பொருளில், "டெப்பான்?" என்றார்.

இஸ்மாயில் கையைத் துடைத்துக்கொண்டே மறுப்பாகத் தலையாட்டினார். வண்டியின் முன்னையும் பின்னையும் மாறி மாறிக் காட்டினார்.

"டெப்பான், பெலாக்காங். துவா-துவா கெனா துகார், மக்சிக்."

முன். பின். துவா என்றால் இரண்டு. கெனா துகார், மாற்ற வேண்டும். மக்சிக், வயதில் மூத்த பெண்களை அழைப்பது. இந்த நாட்டுக்கு வந்த ஏழு ஆண்டுகளில் ஒரு முழு வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது அவருக்கு அன்றுதான். சத்து-சத்து என்றால் ஒவ்வொன்றாக. ஆகவே துவா-துவா என்றால் இரண்டிரண்டாக. முதலில் முன் இரண்டு, பிறகு பின் இரண்டு.

பினாங்கில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: துவா-துவா என்றால் 'இரண்டுமே'. முன்னும் பின்னும் இரண்டுமே மாற்ற வேண்டும், நான்கும் சேர்த்து, ஒரே தடவையில் என்றுதான் இஸ்மாயில் சொன்னார்.

ஞானாம்பிகை பினாங்கில் பிறக்கவில்லை.

அன்று பட்டறையில் அந்த அளவில் இரண்டு டயர்களே இருந்தன. மற்ற இரண்டும் வர ஒரு வாரம் ஆகும் என்றார் இஸ்மாயில். அவை வரும்வரை வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள், தொலைதூரம் ஓட்ட வேண்டாம், பழைய டயரோடு புதிய டயர் நெடுநேரம் ஓடக்கூடாது என்று நீளமாக ஒரு வாக்கியம் சொன்னார். குறுகிய வாக்கியம் விளங்கிவிட்ட மகிழ்ச்சியில் நீண்ட வாக்கியத்துக்கும் ஞானாம்பிகை தலையசைத்தார்.

வீட்டில் விஸ்வலிங்கம் போர்வைக்குள்ளிருந்து கேட்டார்: "என்ன சொன்னான்?"

"இரண்டிரண்டா மாத்தவேணுமாம். முன்னுக்கு ரெண்டும் போட்டாச்சு. பின்னுக்கு மெல்ல ஆறுதலாப் பாப்பம்."

"யார் மொழிபெயர்த்தது? கனியா?"

"நான்தான்."

"மலாய்ப் பண்டிதை. இனி நான் செவிடனா இருந்தாலும் பரவாயில்ல, லா."

ஒரு வாரம் கழித்து இஸ்மாயில் தொலைபேசியில் அழைத்து, மீதி இரண்டும் வந்துவிட்டன என்றார். ஞானாம்பிகை மகிழ்ச்சியோடு, "பெலான்-பெலான்" என்றார். மெல்ல மெல்ல. கற்றதெல்லாம் பயன்பட்ட நாள்கள் அவை.

[இஸ்மாயில் இன்னொரு முறை வற்புறுத்தியிருக்கலாமே என்று இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதி அடித்தேன். வண்டி வீட்டில் நிற்கிறது, அந்த அம்மாள் வசதிப்படும்போது வருவார் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அடித்த வாக்கியம் நியாயத்துக்காக எழுதப்பட்டதன்று. நான் தப்பித்துப்போகச் சுவரில் தேடிய ஓட்டை.]

6

வண்டிகளைப் பற்றி அறியாத வாசகர்களுக்கு ஒரு சிறு கதை. எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

ஆமை அரசரைப் பல்லக்கில் நான்கு முயல்கள் சுமந்தன. நெடுநாள் நடந்து நான்கின் பாதங்களும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. அதனால் பல்லக்கு ஆடாமல் போகும். ஒருநாள் முன்னால் நடந்த இரண்டு முயல்களுக்குக் காலில் முள் ஏறிற்று. அவற்றுக்குப் பதிலாக இரண்டு இளமுயல்களைப் போட்டார்கள். இளமுயல்களின் கால்கள் ஒரு நெல்லளவு நீளம். நெல்லளவுதானே என்று எல்லாரும் இருந்தார்கள். முன்னால் போகிறவை ஓர் அடி வைக்கும்போது பின்னால் வருகிறவை ஓர் அடியும் நெல்லளவு மிச்சமும் வைக்க வேண்டியிருந்தது. அந்த மிச்சத்தை யார் தாங்குவது? நடுவே இருந்த தண்டு தாங்கிற்று. ஒவ்வோர் அடிக்கும் நெல்லளவு முறுக்கிக்கொண்டது. தண்டுக்கு வாய் இல்லை. அது சூடேறியது, வெந்தது, ஒருநாள் இறுகிப்போயிற்று. அத்துடன் நான்கு முயல்களும் அசைய முடியாமல் நின்றன.

அந்த வண்டியில் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவே அப்படி ஒரு தண்டு இருந்தது. எண்ணெய் நிறைந்த ஒரு சிறு பெட்டிக்குள்.

சிறுவர் பக்கத்தில் கதையின் கீழே தடித்த எழுத்தில் நீதி அச்சாகும். இந்தக் கதையின் கீழே

நீதி: 

[இந்த இடத்தை வெற்றிடமாகவே அச்சிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.]

7

பாலம்.

இந்தப் பகுதியை ஏழு முறை எழுதினேன். ஏழிலும் விஸ்வலிங்கம் இறந்தார். எழுதுகிறவனால் எதையும் மாற்ற முடியும் என்பது நரிகளைப் பற்றி எழுதும்போது ஏற்படும் பிரமை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நிபோங் திபாலில் பழைய தோட்டத்தாரின் வீட்டுத் திருமணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டயர் மாற்றிய பிறகு அந்த வண்டி அந்த வழியில் போய்வருவது அது பத்தாவது முறையோ பதினோராவது முறையோ. புறப்படும்போதே விஸ்வலிங்கம் சாவியை மனைவியிடம் கொடுத்தார். அவர் அப்படிக் கொடுப்பதில்லை.

ஜுருவைக் கடக்கும்போது, "ஞானம், நெஞ்சை அடைக்குது" என்றார்.

"சாப்பாடு கூடிப்போச்சோ?"

விஸ்வலிங்கம் வலக்கை விரல்களை இடக்கை மணிக்கட்டில் வைத்துக்கொண்டார். எத்தனையோ பேருக்குப் பார்த்த நாடி. தம்முடையதைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "வீட்டுக்குப் போகவேணாம். நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு விடு" என்றார்.

ஞானாம்பிகை விட்டார். தீவுக்குத் திரும்பும் கடற்பாலத்தில் ஏறியபோது கருகிய எண்ணெயின் வாடை வந்தது. கடற்காற்றோடு ஏதோ தொழிற்சாலைப் புகை வருகிறதென்று எண்ணிக் கண்ணாடியை ஏற்றினார். அப்போது வண்டி கனத்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதைப் போல. அவர் இன்னும் அழுத்தினார். அடியில் இரும்பு அரைபடும் ஓசை. பாலத்தின் நடுமேட்டுக்குச் சற்று முன்னே வண்டி நின்றது. பிறகு முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. இறங்கித் தள்ளிப் பார்த்தார். நான்கு சக்கரங்களில் ஒன்றுகூடச் சுழலவில்லை.

இரண்டு பக்கமும் கடல். பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின. அவர் சாலையின் நடுவே நின்று கையை விரித்து, தெரிந்த சொற்களையெல்லாம் கத்தினார். தோலோங், தோலோங் என்று. உதவி என்னும் சொல். அதையும் அந்தக் கொப்பியில்தான் கற்றிருந்தார்.

திறந்த கதவு வழியே விஸ்வலிங்கம் தம் நாடியை உரக்க எண்ணிக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்டது. எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது. ஒரு மீன் லாரி நின்று, அதிலிருந்து இருவர் குதித்து ஓடிவந்தபோது எண்ணிக்கை நின்றிருந்தது.

[மருத்துவர் "அரை மணிக்கு முன்னால் வந்திருந்தால்" என்று சொன்னதாக முதல் பிரதியில் எழுதியிருந்தேன். மருத்துவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஊர் சொல்லிற்று. அடித்துவிட்டேன்.]

8

முத்துவீரப்பன் என்று ஒருவர் இல்லை.

நான்காம் பகுதியைத் திருத்தி எழுத மாட்டேன். அது அப்படியே கிடக்கட்டும். ஒரு மனிதன் தன் பழியை இறக்கிவைக்க எப்படி ஒரு செட்டிநாட்டுக்காரரைப் படைத்து, அவருக்கு வேலையும் தெருவும் கொடுத்தான் என்பதற்கு அது சாட்சி. அடுத்த வீடு என் வீடு. கொப்பியில் இருந்தது என் கையெழுத்து. கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவன் நான். "இந்த ஒரு விதி போதும்" என்றவனும் நான்தான்.

எட்டாம் நாள். வந்திருந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்துவிட்டார்கள். ஞானாம்பிகையோடு நானும், மலாய் தெரியாத அவருடைய ஒன்றுவிட்ட தங்கை கமலாம்பிகையும் மட்டும் இருந்தோம். காரை இழுத்துப்போன வேறொரு பட்டறைக்காரர் அடிப்பகுதியைக் கழற்றிப் பார்த்து, நான்கு டயரையும் ஒருமிக்க மாற்றாததால் வந்த வினை இது என்று முந்தின நாள் சொல்லியிருந்தார்.

ஞானாம்பிகை என் எதிரே வந்து அமர்ந்தார்.

"மாஸ்டர், நீங்கள் சொல்லித் தந்ததாலதான் எனக்கு அண்டைக்கு விளங்கினது. இல்லாட்டி இவன் என்ன சொன்னவன் எண்டே தெரியாமல் போயிருக்கும். துவா-துவா எண்டு வடிவாச் சொன்னவன் மாஸ்டர். இரண்டிரண்டா மாத்து எண்டு. என்ர காதால கேட்டனான். இப்ப நாலும் ஒருமிக்க மாத்தவேணும் எண்டு ஊரே சொல்லுது. அப்ப உவன் இஸ்மாயில் தெரிஞ்சுகொண்டுதானே பிழையாச் சொன்னவன்?"

கமலாம்பிகை, "விடு அக்கா. எல்லாம் விதி" என்றார்.

அந்தச் சொல் அந்த அறையில் இருந்த மூவரில் ஒருவனுக்கு மட்டும் வேறு பொருளில் கேட்டது.

நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் மிகச் சிறியது. "அம்மா, துவா-துவா என்றால் இரண்டுமே." அதைச் சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று கோப்பையின் விளிம்பைப் பார்த்தபடி எண்ணினேன். கணவரைக் கொன்றது இஸ்மாயிலின் வாய் அல்ல, தம்முடைய காது என்று இந்தப் பெண் அறிவார். பிறகு அந்தக் காதுக்குள் அதை வைத்தது யார் என்றும் அறிவார். முதலாவது அவருக்காக என்னை நிறுத்திற்று என்று நெடுநாள் நம்பினேன். இல்லை. இரண்டாவதுதான் நிறுத்திற்று.

"அப்படித்தானே மாஸ்டர்?"

தலையசைத்தேன்.

9

மறுநாள் ஞானாம்பிகை பட்டறைக்குப் போய், சாலையில் நின்று, தமக்குத் தெரிந்த மலாயில், எல்லாரும் கேட்க, "நீ பொய்யன்" என்றார். அது பிழையில்லாத மலாய். ஊராரிடம் இரண்டிரண்டாக மாற்றச் சொன்னான் என்று தமிழில்தான் சொன்னார்; இஸ்மாயில் சொன்ன மலாய்ச் சொல் எதுவென்று யாரும் கேட்கவில்லை. ஜெலுத்தோங்குத் தமிழர்கள் இஸ்மாயிலிடம் வண்டி விடுவதை நிறுத்தினார்கள். டாக்சிக்காரர்கள் முதலில், பிறகு மோட்டார் சைக்கிள்காரர்கள். முகம்மது கனி மட்டும் இஸ்மாயிலுக்காகப் பேசினார். அவர் கடையிலும் கூட்டம் குறைந்ததும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

டிசம்பரில் ஒருநாள் இஸ்மாயிலும் அவர் மனைவி சித்தி ஹாஜராவும் என் வீட்டுக்கு வந்தார்கள். இஸ்மாயில் காலணியைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். மலாயில் பேசினார், நான் தமிழில் தருகிறேன்.

"சிக்கு," என்றார். ஆசிரியரை அவர்கள் அழைக்கும் சொல் அது. "நான் அந்த அம்மாளிடம் நான்கும் மாற்ற வேண்டும் என்றுதான் சொன்னேன். துவா-துவா என்றேன். அவரும் துவா-துவா என்று நான் சொன்னதாகத்தான் என்னிடம் சொல்கிறார். நான் சொன்னதையே சொல்லிவிட்டு என்னைப் பொய்யன் என்கிறார். இரவெல்லாம் யோசித்தேன். சிக்கு படித்தவர். தமிழில் துவா-துவா என்றால் வேறு ஏதாவது பொருள் உண்டா?"

எத்தனை அருகே வந்துவிட்டார் பாருங்கள். என் முப்பத்தாறு ஆண்டுப் பணியில் இவ்வளவு சரியான கேள்வியை எந்த மாணவனும் கேட்டதில்லை.

"தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லை" என்றேன்.

உண்மையைச் சொல்லியே பொய்யுரைக்கலாம் என்பதை நரிகளுக்குக்கூட நான் கற்றுக்கொடுத்ததில்லை.

சித்தி ஹாஜரா என்னை உற்றுப் பார்த்தார். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் கொண்டுவந்திருந்த பலகாரப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனார். அடுத்த மாதம் பட்டறையை மூடிவிட்டார்கள். இப்போது இஸ்மாயில் ஜுருவில் பெரிய பட்டறை ஒன்றில் கூலிக்கு டயர் மாற்றுகிறார் என்று கேள்வி. அவருக்கு ஐம்பத்தைந்து வயது.

10

முடிவுகள்.

(அ) ஆசிரியர் உண்மையைச் சொல்கிறார். ஞானாம்பிகை நெடுநேரம் அழுதுவிட்டு, "நீங்களும் வேணுமெண்டு செய்யேல்லையே மாஸ்டர்" [வேண்டாம். இது என் ஆசை. ஆசையை அவர் வாயில் வைத்து எழுத எனக்கு உரிமையில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவர் வாயில் நான் வைத்தது போதும்.]

(ஆ) ஆசிரியர் இறந்துபோகிறார். மேசை இழுப்பறையில் ஒரு கடிதம் [மலிவான வழி.]

(இ) இஸ்மாயில் தாமே கண்டுபிடித்து வந்து [அவர் ஏன் வரவேண்டும்?]

சென்ற வாரம் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். சொல்ல முடியாததைப் படித்துக்காட்டிவிடலாம் என்று ஒரு தந்திரம். ஞானாம்பிகை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், கதையோ?"

"கதைதான்."

"ஆமையோ நரியோ?"

"இந்த முறை மனிதர்கள்."

"வாசியுங்கோ கேப்பம். எனக்கு இப்ப எழுத்தெல்லாம் எறும்பு மாதிரித்தான் தெரியுது. ஞாயிறிலதான் கமலம் வந்து பேப்பர் வாசிச்சுச் சொல்லுறவள்."

முதல் பகுதியைத் தாண்டிவிட்டு இரண்டாம் பகுதியிலிருந்து படித்தேன். விஸ்வலிங்கம் நல்ல மனிதர் என்னும் இடத்தில் கீரையைக் கீழே வைத்தார். நான்கு காலும் வேலை செய்யும் என்று கணவர் பேசும் இடத்தில் சிரித்தார். அவர் சிரித்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. முத்துவீரப்பன் என்றதும், "ஏன் உங்கட பேரை மாத்தினனீங்கள்? நல்லதுதானே செய்தனீங்கள்" என்றார். அத்துடன் தாள்களை மடித்துவிட்டேன்.

"மிச்சம்?"

"இன்னும் எழுதி முடிக்கவில்லை அம்மா."

அவர் கீரையை மீண்டும் மடியில் எடுத்துக்கொண்டார். சற்று நேரம் இலைகளைக் கிள்ளினார். பிறகு என்னைப் பாராமல் சொன்னார்: "எழுதேக்க, முடிவில அந்த இஸ்மாயிலுக்கு நல்ல தண்டனை ஒண்டு குடுங்கோ மாஸ்டர். கதையில எண்டாலும் கிடைக்கட்டும்."

வீட்டுக்கு வந்து, எழுதி எழுதி அடித்து வைத்திருந்த மற்றப் பகுதிகளை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அவற்றில் யாருடைய பெயரையும் மாற்றவில்லை. மாற்றினால் இஸ்மாயிலுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. நாளை அஞ்சலில் சேர்ப்பேன். ஞாயிறு இதழில் வரும். நேரில் சொல்லத் துணிவில்லாதவன் பத்திரிகையை அனுப்பிச் சொல்கிறான். தலையசைப்பு, இஸ்மாயிலுக்குச் சொன்ன பதில், இப்போது இது. என் கோழைத்தனங்களின் எண்ணிக்கையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. வாசகர்களே, உங்களில் பெரும்பாலோருக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கதை. தாளை மடித்துவிட்டு எழுந்து போகலாம். ஒருவரால் மட்டும் முடியாது. ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டில் இதை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாரே, அவரால். எங்கே போகிறதென்று தெரியாமல் தொடங்கிவிட்டீர்கள். ஐந்தாம் பகுதியில் நிறுத்தப் பார்த்திருப்பீர்கள். "வாசி" என்று கேட்டுக்கொண்டிருப்பவர் சொல்லியிருப்பார். இந்த வரிக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றால் அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

கமலாம்பிகை அம்மா, தாளைக் கீழே வைத்துவிட்டு உங்கள் அக்காவின் முகத்தைப் பாருங்கள். அவர் என்ன சொன்னாலும் நடுவில் பேசாதீர்கள். விதி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் அடுத்த வீட்டில்தான் இருக்கிறேன். கதவு திறந்திருக்கிறது.